சப்தர்ஜங் சாலை முதல் எண் வீடு: இந்திரா காந்தி நினைவகம்

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் அலுவலக வேலையாகத் தில்லி சென்றிருந்தபோது, எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாள் திங்கட்கிழமையாக அமைந்தது. சப்தர்ஜங் சாலையில் இருக்கும் முதல் எண் வீட்டின் வாயில்வரை நடந்து போய், மூடியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இந்திரா காந்தி நினைவகத்துக்கு வார விடுமுறை அன்றுதான். இந்த முறை அம்மாவைக் காசிக்கு அழைத்துச் சென்றுவிட்டுத் தில்லி வழியாகக் காஞ்சிபுரம் திரும்ப வேண்டியிருந்ததால், ஒரு வியாழக்கிழமை காலையை இதற்கென்றே ஒதுக்கி வைத்தேன்.

அம்மாவுக்கு வயது 73. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எங்களை வளர்த்தவர். எங்கள் தெருவில் தேர்தல் காலத்தில் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் 'அன்னை இந்திரா' என்று படித்துப் படித்து, இன்றைக்கும் அந்தப் பெயரை அப்படியேதான் சொல்வார். 1984 அக்டோபர் 31 அன்று மதியத்துக்குமேல் வானொலியில் பாட்டெல்லாம் நின்றுபோய்ச் சோக இசை மட்டும் ஒலித்ததையும், பாதி தைத்த ரவிக்கையை இயந்திரத்திலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து என்னை அழைத்துப் போனதையும் அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். செங்கோட்டையா, இந்த வீடா என்று நான் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

மெட்ரோவில் வருபவர்கள் மஞ்சள் வழித்தடத்தில் லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். ரேஸ் கோர்ஸ் என்று முன்பு வழங்கிய நிலையம் அதுதான். அங்கிருந்து நடந்தும் வரலாம், முதியவர்கள் உடன் இருந்தால் ஆட்டோ பிடித்துவிடலாம். இன்றைய பிரதமரின் இல்லம் இருக்கும் பகுதி என்பதால் சாலைகள் அகலமாகவும் ஆள் நடமாட்டம் குறைவாகவும் இருக்கின்றன. இருபுறமும் பழைய மரங்கள் கிளை கோத்து நிழல் தருகின்றன. நினைவகத்தைக் காலை 9.30 மணிக்குத் திறக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாயிலில் சோதனை முடிந்ததும் உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே நுழைந்தவுடன் அம்மாவுக்கு ஏற்பட்ட வியப்பு, வீடு சிறியதாக இருக்கிறதே என்பதுதான். நாட்டையே ஆண்டவர் வாழ்ந்த இடம் என்றால் மாடமாளிகையை எதிர்பார்த்து வந்திருப்போம். இது வெள்ளையடித்த ஒற்றைத்தள பங்களா. முன்னாலும் பின்னாலும் தோட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். நேரு 1964 மே மாதம் மறைந்த பிறகு, தந்தையுடன் வாழ்ந்த தீன்மூர்த்தி பவனை விட்டு இந்திரா வெளியேற வேண்டியிருந்தது. சாஸ்திரியின் அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானபோது ஒதுக்கப்பட்ட வீடு இது. பிரதமரான பிறகும் பெரிய மாளிகைக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார். 1977 தேர்தலில் தோற்றபோது வெளியேறி, 1980 ஜனவரியில் மீண்டும் பிரதமரானதும் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்த பிறகு அடுத்த பிரதமர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, காங்கிரஸ் தலைவராக இருந்து இந்திராவின் பக்கம் ஆதரவைத் திரட்டியவர் காமராஜர். ஜனவரி 19 அன்று நடந்த வாக்கெடுப்பில் மொரார்ஜி தேசாய்க்கு 169 வாக்குகளும் இந்திராவுக்கு 355 வாக்குகளும் கிடைத்தன. நான்கு ஆண்டுகளுக்குள் கட்சி பிளவுபட்டு இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். சென்னை தியாகராய நகரில் திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர் வாடகைக்குக் குடியிருந்து உயிர்விட்ட வீடும் இன்று நினைவகம்தான். அதைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஓர் ஆட்சியாளரின் வீடு எவ்வளவு எளிமையாக இருந்தது என்பதைப் புத்தகத்தில் படிப்பதும், அந்த அறையின் அளவைக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல.

முதல் சில அறைகளைப் புகைப்படங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அலகாபாத் குழந்தைப் பருவம், காந்தியடிகளின் அருகில் அமர்ந்திருக்கும் சிறுமி, 1942ல் பெரோஸ் காந்தியுடன் திருமணம், உலகத் தலைவர்களுடன் சந்திப்புகள் என்று சுவர் முழுவதும் வரிசையாக நிறைந்திருக்கின்றன. விளக்கங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் அம்மாவுக்கு நான் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1969ல் 14 வங்கிகள் நாட்டுடைமையானது, 1971ல் வங்கதேசம் பிறந்ததும் அதே ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்றதும், 1974ல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது என்று நானும் எனக்குத் தெரிந்தவற்றைச் சேர்த்துச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. படங்களில் பலவற்றை நாம் ஏற்கெனவே எங்கேயோ பார்த்திருப்போம். கூட்டமும் இங்கேதான் தேங்கி நிற்கிறது. ஆற அமரப் பார்க்கவேண்டியவை இதற்குப் பின்னால் இருக்கின்றன.

செய்தித்தாள்கள் மட்டும் இதற்கு விலக்கு. இந்திரா கொல்லப்பட்ட மறுநாள் வெளிவந்த முதல் பக்கங்களைச் சட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். கொலை நடந்த அன்று காலை 9 மணிக்குப் பிறகு, இந்த வீட்டிலிருந்து அடுத்த வளாகமான அக்பர் சாலை முதல் எண் அலுவலகத்துக்குத் தோட்டப் பாதை வழியாக நடந்து சென்றுகொண்டிருந்தவரை, காவலுக்கு நின்ற பியாந்த் சிங்கும் சத்வந்த் சிங்கும் சுட்டார்கள். ஜூன் மாதத்தில் அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குள் ராணுவம் நுழைந்ததற்குப் பழிவாங்கவே இதைச் செய்தார்கள். ஓசை கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த மருமகள் சோனியா, மாமியாரின் தலையை மடியில் தாங்கியபடி அம்பாசிடர் காரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். மூத்த மகன் ராஜீவ் அப்போது மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அன்று மாலையே அவர் பிரதமராகப் பதவியேற்றார். மங்கிப்போன அந்தத் தாள்களின் முன் நின்று இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு வடநாட்டுக் குடும்பத்தினர் மொழி புரியாவிட்டாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அந்தப் புடவை. காவி நிறம், கறுப்புக் கரை. பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் உஸ்தினோவ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்காகத் தம் குழுவினருடன் அக்பர் சாலைத் தோட்டத்தில் காத்திருந்த காலை அது. பேட்டிக்குப் போவதற்காக உடுத்திய அந்தப் புடவையே அவருடைய கடைசிப் புடவையானது. குண்டு துளைக்காத சட்டையை அவர் அன்று அணியவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் புடவையும், கூடவே அவர் அன்று அணிந்திருந்த செருப்பும் கையில் வைத்திருந்த துணிப்பையும் இருக்கின்றன. குண்டு துளைத்த இடங்கள் நன்றாகவே தெரிகின்றன.

அம்மா கண்ணாடியை ஒட்டி நின்று குனிந்து பார்த்தார். துணி என்றால் அவர் கண் வேறு மாதிரி பார்க்கும். நெசவின் அடர்த்தி, கரையின் அகலம், மடிப்பு விழுந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "கிழிசல்னா இழுத்துத் தைச்சிடலாம்டா. இது ஓட்டை, ஒட்டுதான் போடணும்" என்று சொன்னார். கடைக்கு வரும் துணியைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார், ஆனால் சொல்லி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் எங்கள் குடும்பத்திலேயே இந்திராவைத் திட்டித் தீர்த்தவர்கள் உண்டு. என் தாத்தா கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. அந்தப் பேழையின் முன் நின்றபோது அந்த வாதங்கள் எனக்கு மறந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு பெண் காலையில் குளித்து உடுத்திக்கொண்டு புறப்பட்ட புடவை அது என்பதைத் தாண்டி என்னால் சற்று நேரம் எதையும் நினைக்க முடியவில்லை.

ராஜீவ் காந்திக்கென்றும் இதே வீட்டில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். தாயோடு அவர் வாழ்ந்த வீடு இது. தம்பி சஞ்சய் 1980 ஜூன் 23 அன்று விமான விபத்தில் இறந்ததற்குப் பிறகுதான் அவர் விமானியின் வேலையை விட்டு அரசியலுக்கு வந்தார். இங்கே இருக்கும் ஒரு பேழையைத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் அவர் அணிந்திருந்த உடை அதற்குள் இருக்கிறது. உடை என்று சொல்கிறேனே தவிர, வெள்ளைத் துணியின் கந்தல்கள்தான் அவை. அவற்றோடு லோட்டோ காலணிகளும் இருக்கின்றன. குண்டு வெடித்த அந்த இருட்டில் உடன் வந்தவர்கள் அவருடைய உடலை அடையாளம் கண்டது அந்தக் காலணிகளால்தான்.

தாயின் புடவையில் எது கரை, எது முந்தானை என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடிகிறது. மகனின் உடையில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. அன்று அந்தத் திடலில் அவரோடு இறந்தவர்களில் பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் இருந்தார்கள், கூட்டத்துக்கு வந்த சாதாரண மக்களும் இருந்தார்கள். அவர்களுடைய துணிகளை எந்த வீட்டில் எடுத்து வைத்திருக்கிறார்களோ என்ற நினைவு எனக்கு வந்தது. அம்மா எதுவும் பேசவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் கடந்துபோகிற ஊர் அது. அந்த ஊரில் நடந்ததன் ஒரு பகுதி இவ்வளவு தொலைவில், தில்லியில் ஒரு வீட்டின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது என்பதை அவர் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

இதற்குப் பிறகு வரும் அறைகள் மனத்தைக் கொஞ்சம் ஆற்றுகின்றன. வரவேற்பறை, படிப்பறை, உணவறை, பூசையறை ஆகியவற்றை இந்திரா வாழ்ந்தபோது இருந்தபடியே வைத்து, கண்ணாடி வழியாகப் பார்க்கவிடுகிறார்கள். படிப்பறையில் சுவரை ஒட்டிப் புத்தக அலமாரிகள், ஒரு மேசை, நாற்காலிகள். உணவறை மேசை பெரிய விருந்துக்கானது அல்ல, ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கானது. நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுக்கும்போது கடவுளின் பெயரைச் சொல்லாத நேருவின் மகள், தம் வீட்டில் பூசைக்கென்று தனி அறை வைத்திருந்தார் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அம்மா அந்தக் கண்ணாடியின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். பின்னால் வரிசையில் வந்தவர்கள் அவருக்காகப் பொறுமையாக நின்றார்கள். நாட்டின் பல மொழிக்காரர்கள் ஒரே சன்னலின் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு நகர்வதைப் பார்ப்பதற்காகவே இந்த வரிசையில் நிற்கலாம்.

வீட்டிலிருந்து வெளியே வந்தால் தோட்டப் பாதை. இந்திரா கடைசியாக நடந்த வழி இதுதான். அந்தப் பாதையின் மேல் படிகக் கண்ணாடிப் பாளங்களைப் பதித்திருக்கிறார்கள். அன்றைய செக்கோஸ்லோவாக்கிய அரசு அன்பளிப்பாகத் தந்த கண்ணாடி அது. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளிக்கு நடுவே ஓர் ஓடை உறைந்து கிடப்பதுபோல் இருக்கிறது. அருகில் போனால் அலையலையான மேற்பரப்பில் வானமும் மரக்கிளைகளும் நெளிந்து தெரிகின்றன. யாரும் அதன்மேல் நடக்க முடியாது, ஓரமாகவே நடக்க வேண்டும். அவர் விழுந்த இடத்தில் மட்டும் அலையில்லாத தெளிந்த கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகக் கீழே தரையில் பழுப்பேறிய புள்ளிகள் தெரிகின்றன. இரத்தக் கறை. அந்த இடத்தில் எப்போதும் ஒரு காவலர் நிற்கிறார்.

இறப்பதற்கு முந்தைய நாள் புவனேசுவரத்தில் பேசும்போது, தம் இரத்தத்தின் ஒவ்வொரு துளியும் இந்த நாட்டை வலுப்படுத்தும் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். அந்தப் பேச்சைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறோம். மேடைப் பேச்சுக்குரிய சொற்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தத் தெளிந்த கண்ணாடியின் முன் நின்றபோது அப்படி நினைக்க முடியவில்லை. இந்த நினைவகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் பாதையைத்தான். சிலையோ பீடமோ நெடிய கல்வெட்டோ வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடாமல், நடந்த வழியை நடந்த வழியாகவே விட்டிருக்கிறார்களே, அந்த முடிவை எடுத்தவர்களுக்கு மனமார நன்றி சொல்ல வேண்டும்.

இங்கிருந்து வெகு தூரமில்லாத காந்தி ஸ்மிருதியில், 1948 ஜனவரி 30 மாலையில் அண்ணல் பிரார்த்தனைக்கு நடந்து சென்ற பாதையில் அவருடைய காலடிகளை வரிசையாகப் பதித்து வைத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் முதலில் அங்கே போய்விட்டு இங்கே வாருங்கள். அங்கே காலடிகளைப் பின்தொடர்ந்து நாமும் நடப்போம், இங்கே ஓரத்தில் நின்று பார்க்க மட்டுமே முடியும். தீன்மூர்த்தி வளாகத்தில் 2022ல் திறந்த பிரதமர்கள் அருங்காட்சியகம் வேறு வகையானது. நவீனத் திரைகளும் ஒலி ஒளி அமைப்புகளும் கொண்ட அது, எல்லாப் பிரதமர்களையும் பற்றித் தெரிந்துகொள்ள உதவும். பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அதையும் பரிந்துரைப்பேன். ஆனால் சப்தர்ஜங் சாலை வீட்டில் கிடைப்பதை அங்கே தேடக் கூடாது.

அதேபோல் இங்கே தேடக் கூடாததும் ஒன்று உண்டு. ஒரு தலைவர் வாழ்ந்து இறந்த வீடு, அந்த வீட்டில் இருந்தவர்களின் துயரத்தைத்தான் முதலில் சொல்லும். அது இயல்பு. 1975 ஜூன் 25 இரவு தொடங்கி 1977 மார்ச் வரை நீடித்த நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர்களின் கதையையும், பொற்கோவில் வளாகத்தில் இறந்தவர்களின் கதையையும், இந்திராவின் மரணத்துக்கு அடுத்த சில நாள்களில் இதே தில்லியின் தெருக்களில் உயிரோடு எரிக்கப்பட்ட சீக்கியர்களின் கதையையும் முழுமையாக அறிய வேறு இடங்களுக்கும் வேறு புத்தகங்களுக்கும்தான் போக வேண்டும். தில்லியில் மட்டுமே 2,733 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அரசு ஏற்றுக்கொண்ட கணக்கு. அந்த வீடுகளிலும் காலையில் உடுத்திய துணிகள் இருந்திருக்கும். பிள்ளைகளை இங்கே அழைத்து வருகிறவர்கள், வெளியே வந்த பிறகு புல்வெளியோரம் ஐந்து நிமிடம் நின்று இதையும் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். வார நாள்களில் திறந்தவுடன் போய்விடுவது நல்லது. சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றால் பேழைகளின் முன் நிற்கவே விடாமல் பின்னாலிருந்து கூட்டம் தள்ளிவிடும். படிகள் அதிகம் இல்லாததால் முழங்கால் வலிக்காரரான என் அம்மாவே சிரமப்படவில்லை. ஆனால் நடையும் நிற்பதும் உண்டு என்பதால் காலை உணவை முடித்துவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் தோட்டத்தில் வெயில் இதமாக இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அந்த இரண்டு பேழைகளையும் காட்டலாமா என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளை நான் இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான் அழைத்து வருவேன்.

நாங்கள் வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. மறுநாள் விமானத்தில் சென்னைக்கு வந்து, வாடகைக் காரில் காஞ்சிபுரம் புறப்பட்டோம். திருப்பெரும்புதூரை நெருங்கும்போது, அதுவரை கண்மூடி உட்கார்ந்திருந்த அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். எத்தனையோ முறை கடந்துபோயும் ஒருமுறைகூட நாங்கள் இறங்கிப் பார்க்காத நினைவிடம். ராஜீவ் விழுந்த இடத்தைச் சுற்றி நிற்கும் ஏழு தூண்களுக்கு நடுவே அம்மா சற்று நேரம் நின்றார். "துணி அங்க இருக்கு, எடம் இங்க இருக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காரை நோக்கி நடந்தார்.